உங்க தரப்பு

மரத்துப்போவதற்கான ஊசியைப் போட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் அப்படியே சாஞ்சிருங்க, உதடு தடிச்ச மாதிரி ஆனதும் ஆரம்பிக்கலாம்" என்று சொல்லி டாக்டர் ஹேமலதா கை உறையைக் கழற்றிக்கொண்டு உள்ளறைக்குப் போன பிறகுதான், தன் விரல்கள் இன்னும் நாற்காலியின் கைப்பிடியை நெரித்துக்கொண்டிருப்பது ரெஜினாவுக்குத் தெரிந்தது. ஊசி வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இதுதான் வலிக்கிறது என்று ஒன்றைக் கைகாட்டியிருக்கலாம். திருவான்மியூரின் மத்தியான வெயில் ஜன்னல் திரைக்கு அந்தப் பக்கம் நின்றது. கீழே ஏதோ பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. தலைக்கு மேல் அணைந்து கிடந்த விளக்கின் கண்ணாடியில் அவள் முகம் சின்னதாகவும் வாய் மட்டும் பெரிதாகவும் தெரிந்தது. எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது "பேங்க்ல" என்று சொல்லிவிட்டாள். யோசிக்காமல், வெகு இயல்பாக. எட்டு வருஷமாக, கல்யாண வீட்டிலும் ரயிலிலும் யார் கேட்டாலும் "கேம் செய்யற கம்பெனி, நான் அதுல டிசைனர்" என்று சொல்லி, "அப்படின்னா?" என்று அவர்கள் கேட்பதற்காகவே காத்திருந்தவள். இப்போது பேங்க்காம். எந்தக் கிளை என்று கேட்டிருந்தால் அதற்கும் ஒன்றைச் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. "தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?" என்றுதான் கேட்டார். இல்லையே என்றாள். "இப்பக் கடிக்கிறீங்க. கடவாய்ப் பல்லு நெட்டுக்குப் பிளந்திருக்கு, முறுக்கு கடிச்சா இப்படிப் பிளக்காது. டென்ஷன் ஏதாச்சும்?" அதற்கும் இல்லை என்று தலையாட்டினாள். ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று. தன் வாயிலேயே தன் பல்லைத் தானே உடைத்துக்கொண்ட ஒருத்தி, ஒன்றுமில்லை டாக்டர் என்கிறாள்.

உதடு தடித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் தன்னுடையது அல்லாத ஏதோ ஒரு சதை முகத்தில் ஒட்டியிருப்பது போல. நாக்கால் தொட்டுப் பார்த்தாள், நாக்கும் பாதிதான் அவளுடையதாக இருந்தது. ஒரு ஈட்டி. எல்லாம் ஒரு ஈட்டியால் வந்தது, அதுவும் இல்லாத ஈட்டி, திரையில் மட்டும் இருக்கிற ஈட்டி. கல்தூண் கேம்ஸ் என்கிற அவளுடைய கம்பெனியின் விளையாட்டில், கோட்டையைக் காக்கிற வீரன் ஒருவன் கையில் அது இருந்தது. லட்சக்கணக்கான பேர் தினமும் போனில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த ஈட்டியின் பலத்தைக் குறைத்தால், அடுத்து வரப்போகிற, காசு கொடுத்து வாங்க வேண்டிய வாளுக்குக் கிராக்கி வரும் என்று மேலே யாரோ கணக்குப் போட்டார்கள். மேலே யாரோ என்ன, நிரஞ்சன்தான். பத்திரிகைகளோடும் வெளியாட்களோடும் பேசுகிற பொறுப்பில் இருந்தவன் கொஞ்சம் கொஞ்சமாக விளையாட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டான். "ரெண்டு நாள் அழுவாங்க, அப்புறம் பழகிடுவாங்க" என்று மீட்டிங்கில் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே சொன்னான். அன்று சாயங்காலம் ஆபீஸ் சாட் குழுவில் ரெஜினா மூன்று வரி எழுதினாள். நிரஞ்சன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், என்பது முதல் வரி. ரெண்டு நாள் அழுவாங்க, அப்புறம் பழகிடுவாங்க, என்பது இரண்டாவது. இது தப்பு, இவங்க நம்மை நம்பி விளையாடறவங்க, என்பது மூன்றாவது. எழுதிவிட்டு, நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனாள். ஏன் ஒரே வரியாக எழுதித் தொலைக்கவில்லை. ஒரே வரியாக, காற்புள்ளி போட்டு, வெட்ட முடியாதபடி. இதைத்தான் இரண்டு வாரமாக, குளிக்கும்போதும் பஸ்ஸிலும் படுக்கையிலும் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். நடுவரியை மட்டும் வெட்டி எடுத்தவன் எதையும் வெட்டுவான். காற்புள்ளியில் வெட்டியிருப்பான்.

டாக்டர் திரும்பி வந்தார், கூடவே உதவிக்கு இருக்கிற கவுரி என்கிற பெண்ணும். விளக்கு எரிந்ததும் கண்ணாடியில் இருந்த முகம் போய்விட்டது. "பச்சை கலர்ல ஒரு ரப்பர் ஷீட்டை வாய்மேல விரிப்பேன், பல்லு மட்டும் வெளிய தெரியும், பயப்படாதீங்க. பேச முடியாது. வலிச்சா கையைத் தூக்குங்க." ரெஜினா தலையாட்டினாள். ரப்பர் வாசனை, கிராம்புத் தைலத்தின் வாசனை, கவுரியின் கையிலிருந்து வந்த சோப்பு வாசனை. பல்லில் ஒரு கவ்வி ஏறி உட்கார்ந்தது. பேச முடியாது. அதில் புதிதாக என்ன இருக்கிறது. "இப்போதைக்கு நீ எங்கேயும் எதுவும் பேசாதே, எழுதாதே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றுதானே பவித்ராவும் சொன்னாள். கம்பெனியில் ஆட்களின் நலனைப் பார்க்கிற பவித்ரா. அப்படியே அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருமே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், தங்கள் தங்கள் போனில். பல்லைக் குடைகிற சக்கரம் சுற்றத் தொடங்கியது, சத்தம் பல்லுக்குள் அல்ல, மண்டைக்குள் கேட்டது. இந்தச் சத்தம் ஒருவகையில் தேவலாம் என்று தோன்றியது. இது என்ன சொல்கிறது என்று யோசிக்க வேண்டியதில்லை. பிரணவின் குரல் அப்படியில்லை. நல்ல குரல், அதைச் சொல்லியே ஆக வேண்டும், பக்கத்து வீட்டுத் தம்பி மாதிரி. பிளேயர் பேச்சு என்று யூடியூபில் அவன் நடத்துகிற சேனலை அவளே ஒரு காலத்தில் சமைக்கும்போது கேட்டிருக்கிறாள். "மேடம், நான் பிரணவ், உங்களைப் பத்தி ஒரு வீடியோ போடறோம், உங்க தரப்பு ஏதாச்சும் சொல்லணுமா?" அவள் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றியா, எதற்கு, என்ன வீடியோ என்று கேட்டு, கொஞ்சம் இருங்கள், ஆபீஸில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்தாள். பவித்ராவுக்குப் போன் போய்க்கொண்டிருக்கும்போதே வீடியோ வந்துவிட்டது. அதில் அவன் சொன்னான், நாங்கள் அவரைத் தொடர்புகொண்டோம், அவர் பதில் சொல்ல மறுத்துவிட்டார் என்று. மறுத்துவிட்டாராம். வெங்காயக் கையோடு நின்றுகொண்டிருந்த ஒருத்தி மறுத்துவிட்டாளாம். அதுதான் அவர்கள் தர்மம். மணியடித்துவிட்டு உள்ளே வருகிற திருடன், நான் சொல்லிவிட்டுத்தானே வந்தேன் என்கிற மாதிரி.

வீடியோவில் அவள் எழுதியதன் நடுவரி மட்டும் பெரிதாக இருந்தது. ரெண்டு நாள் அழுவாங்க, அப்புறம் பழகிடுவாங்க. பக்கத்தில் அவள் பெயர், முழுப் பெயர், ரெஜினா கொரைரா. தூத்துக்குடியில் அந்தப் பெயரோடு தெருவுக்கு நாலு வீடு உண்டு. வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் தேடினால் அவள் ஒருத்திதான் வருவாள். சுதா என்றோ பிரியா என்றோ இருந்திருந்தால் கூட்டத்தில் மறைந்துபோயிருக்கலாம். வீடியோவுக்குக் கீழே, இவள் கோவாக்காரி என்று ஒருவன், தமிழச்சியே இல்லை, நம்ம வீரனை அழிக்க வந்தவள் என்று இன்னொருவன். பெயருக்குப் பக்கத்தில் அவள் படம். சிரிக்கிற படம். அதற்கும் மேலே பிரணவின் குரல், கொஞ்சம் தணிந்து, அக்கறையாக: "நமக்குக் கிடைச்ச தகவல்படி இவங்க போன வருஷம் மனநல சிகிச்சைக்காக ரொம்ப நாள் லீவுல இருந்திருக்காங்க. நான் எதுவும் தப்பா சொல்லல. இவ்ளோ பெரிய கேமை யார் கையில குடுத்திருக்காங்கன்னு கேள்விதான் கேக்குறேன்." கேள்விதான் கேட்கிறான். கை தானாக உயர்ந்தது. சக்கரம் நின்றது. "வலிக்குதா?" என்றார் டாக்டர். இல்லை என்று கையை ஆட்டிவிட்டு இறக்கினாள். வலிக்கவில்லை, எரிகிறது. போன வருஷம் பஸ்ஸில் திடீரென்று மூச்சு நின்றுவிடுவது போல் வரும், சாகப்போகிறோம் என்று உடம்பெல்லாம் வேர்க்கும், மத்தியகைலாஷ் நிறுத்தத்தில் இறங்கி நடைபாதையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதற்காக ஒன்றரை மாதம் லீவு. அதைக் கூடப் பிறந்தவனிடம்கூடச் சொல்லவில்லை, பவித்ராவிடம் மட்டும், அதுவும் கதவைச் சாத்திவிட்டு. பவித்ரா அன்று கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொடுத்து, "இது இந்த ரூமை விட்டு வெளிய போகாது" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எவ்வளவு மெத்தென்ற கை அது.

பிறகு வந்ததெல்லாம் தனித்தனியாக நினைவில் இல்லை, மொத்தமாக ஒரு சேறாகத்தான் இருந்தது. அதிலிருந்து சில மட்டும் மேலே மிதக்கும். யாரோ அவள் பெயரில் ஆர்டர் போட்டு, வாசலில் பிரியாணிப் பொட்டலங்களோடு வந்து நின்ற பையன்கள் பணம் கேட்டார்கள், நான் ஆர்டர் போடவில்லை என்று அவள் சொன்னதும் அவர்கள் முகம் சுண்டியது. அந்தப் பையன்கள் மேல் கோபப்பட முடியவில்லை. அவளுடைய சிரிக்கிற முகத்தை வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டிய படங்கள். அதை அனுப்பியவனின் சொந்தப் படத்தில் அவன் ஒரு குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். எந்தக் கூச்சமும் இல்லாமல், குழந்தையோடு. கவுரி ஒரு குழாயால் வாயோரம் சேர்ந்த தண்ணீரை உறிஞ்சினாள். உறிஞ்சுகிற சத்தம் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. அம்மாவின் வீட்டுத் தொலைபேசி எண்ணை எங்கிருந்து எடுத்தார்கள் என்று இன்னும் தெரியவில்லை. "ஏட்டி, ஒரு பய பேசுனான்" என்றாள் அம்மா. "நல்லாத்தான் ஆரம்பிச்சான். ரெஜினா அம்மாவான்னு கேட்டான். ஆமா ராசா, நீ யாருன்னு கேட்டேன்." அப்புறம் என்னம்மா சொன்னான். "அதெல்லாம் விடு." சொல்லும்மா. "வாயால சொல்லுத மாதிரி இல்லட்டி. நான் கேட்டுட்டேன், போதும், நீயும் கேக்கணுமா?" அதிலிருந்து அம்மா ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டாள். அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் எதிர்வீட்டு எட்வின் அண்ணனுக்குப் போட வேண்டும், அவர் போனை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போக வேண்டும். கோயிலில் பூசை முடிந்து வரும்போது யாரோ கேட்டார்களாம், உன் மகளைப் பற்றி என்னவோ போனில் வருகிறதே என்று. அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அம்மாவும் ஒரு பேங்க்கைக் கண்டுபிடித்திருப்பாள்.

"நல்லா ஒத்துழைக்கிறீங்க" என்றார் டாக்டர். "நரம்பை எடுத்தாச்சு. இனி சுத்தம் பண்றதுதான்." நரம்பை எடுத்தாச்சு என்றால் இந்தப் பல் செத்துவிட்டது. செத்த பல்லை வைத்துக்கொண்டு இன்னும் பல வருஷம் மெல்லலாம் என்று ஊசி போடுவதற்கு முன்னால் சொன்னார். அந்தப் படம். ரெஜினா திரும்பவும் அந்தப் படத்துக்கே வந்தாள், தினமும் வருகிற மாதிரி. அது அவள் எங்கேயும் போட்ட படமில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் அடையாள அட்டைக்காக வரவேற்பறைச் சுவர் முன்னால் எடுத்தது. காவலுக்கு இருந்த பெரியவர் சுவரில் இருந்த விளம்பரத்தை மறைக்க ஒரு வெள்ளை அட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார், "சிரிங்க பாப்பா, மொத நாளு" என்றார். அட்டையில் அச்சானபோது ஓரங்களை வெட்டிவிட்டார்கள். பிரணவின் வீடியோவில் வந்த படத்தில் வெள்ளை அட்டையைப் பிடித்திருந்த அந்தப் பெரியவரின் நாலு விரல்கள் இருந்தன. வெட்டாத படம். அது ஊழியர்கள் விவரம் வைத்திருக்கிற இடத்தில் மட்டும்தான் இருக்கிறது, அதைத் திறக்கிற சாவி பவித்ராவிடமும் அவளுக்கு மேலே இருக்கிற மூன்று பேரிடமும். மூன்று பேரில் ஒருவன் நிரஞ்சன். வீடியோவுக்கு முந்தின வாரம் நிரஞ்சனும் பிரணவும் சேர்ந்து சாப்பிட்ட படத்தைப் பிரணவே போட்டிருந்தான், தொழில்துறை நண்பரோடு என்று. வாள் நன்றாக விற்கிறது. கோபம் ஈட்டியைக் குறைத்தவர்கள் மேல் வந்திருக்க வேண்டும், ஒரு பெண் மேல் வந்து முடிந்தது. மலிவாக முடிந்தது. பொறு, இதை நான் கண்டுபிடித்தேன் என்று காட்ட வேண்டாம் என்று எத்தனை நாள் பல்லைக் கடித்தாள். கடித்துத்தானே உடைந்தது. இன்று காலையில் நிரஞ்சன் அனுப்பினான், கம்பெனி வெளியிடப்போகிற அறிக்கை, உன் சம்மதம் மட்டும் வேண்டும், சாயங்காலத்துக்குள். ஒரு ஊழியரின் தனிப்பட்ட கருத்து எங்கள் ரசிகர்களைப் புண்படுத்தியதற்கு அவரும் நிறுவனமும் மனமார வருந்துகிறோம். அவரும் என்கிற வார்த்தையை யாரோ யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். நிறுவனத்துக்கு முன்னால்.

அதே காலையில் பிரணவிடமிருந்தும் வந்தது. மேடம், உங்களைப் பற்றிப் போட்டதில் விடுபட்ட விஷயங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் இந்த முடிவை எதிர்த்தீர்கள் என்று ஒருவர் சொல்கிறார். நம் சேனலுக்கு வாருங்கள், உங்க தரப்பை முழுசாகச் சொல்லுங்கள், மக்கள் கேட்பார்கள். கும்பிடுகிற கை ஒன்றும் கடைசியில். இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவை, வெட்கமாக இருக்கிறது சொல்வதற்கு, மனசு ஆசைப்பட்டது. மூன்று வரியையும் போனில் வைத்திருக்கிறாள். காட்டினால் போதும். அடுத்த நாளே, அய்யோ பாவம், நல்ல பெண், நமக்காகப் பேசியவள் என்பார்கள். திட்டியவர்களே பூ போடுவார்கள். அப்புறம் நிரஞ்சன் வீட்டு வாசலில் பிரியாணிப் பொட்டலம் வரும். நிரஞ்சனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், அவளிடமும் ஒருவன் நல்லாத்தான் ஆரம்பிப்பான். வரட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஒரு நிமிஷமென்ன, காலையிலிருந்து பல நிமிஷம். வரட்டும், அவனும் பல்லைக் கடிக்கட்டும். ஆனால் அதில் வேறு ஏதோ ஒன்று இடறியது, நாக்கு உடைந்த பல்லின் முனையில் இடறுகிற மாதிரி, போய்ப் போய் அங்கேயே. நான் குறைக்கவில்லை என்று சொன்னால், குறைத்திருந்தால் இதெல்லாம் சரிதான் என்று ஆகிறது. ஒரு விளையாட்டில் ஒரு ஈட்டியின் பலத்தைக் குறைத்த பெண்ணுக்கு இது நடக்கலாம், ஆளை மாற்றிவிட்டார்கள் என்பதுதான் குறை, என்று ஆகிறது. நான் அந்தப் பெண் இல்லை என்று கத்திக்கொண்டு ஓடி, அந்தப் பெண்ணை அவர்களிடமே விட்டுவிட்டு வருவது. யார் அந்தப் பெண். அடுத்த மாதம் எந்தக் கம்பெனியிலாவது ஒருத்தி நிஜமாகவே எதையாவது குறைப்பாள். அது அவள் வேலை. இந்த யோசனை முழுசாக வருவதற்குள் போய்விடும், திரும்ப மூன்று வரி வந்து நிற்கும், காட்டு காட்டு என்று.

வெளியே மேஜையிலிருந்த போன் அடித்தது. கவுரி எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், சார் கூப்பிடறாரு" என்றாள். "அடிக்கட்டும். எடுத்தா புலம்புவாரு" என்றார் டாக்டர், மெல்லிய ஊசி போன்ற ஒன்றைப் பல்லுக்குள் விட்டுத் திருகிக்கொண்டே. "என்ன மேடம், உடம்பு சரியில்லையா?" "உடம்புக்கென்ன. ரெண்டு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காரு. ஐம்பது வயசாகப்போகுது, ஆடிட்டர், தினம் சாயங்காலம் வந்ததும் அந்த போன்ல கோட்டையைக் காப்பாத்தப் போயிடுவாரு. ஒரு ஈட்டி வச்சிருந்தாராம், அதை யாரோ ஒரு பொம்பள கெடுத்துட்டாளாம்." கவுரி சிரித்தாள். "அய்யோ, ஆமா மேடம், எங்க மாமாவும் சொல்லிட்டு இருந்தாரு." "இவரும் அவளைப் பத்தி ஏதோ எழுதிப் போட்டாராம். ஆயிரம் பேருக்கு மேல லைக் போட்டிருக்காங்கன்னு தோசை ஊத்திட்டு இருக்கும்போது மூஞ்சிக்கு நேரா போனை நீட்டறாரு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல அவ்ளோ சந்தோஷமா நான் பாத்ததில்ல. எனக்கும் அனுப்பி வச்சிருக்காரு, என்ன எழுதினாருன்னு நான் இன்னும் திறந்துகூடப் பாக்கல. இன்னும் கொஞ்சம் திறங்கம்மா. அப்படித்தான்."

ரெஜினா இன்னும் கொஞ்சம் திறந்தாள். அவள் தலைக்குள் முதலில் எதுவும் வரவில்லை. ஒரு வெள்ளை. பிறகு ஒரேயடியாக. இந்தக் கை. இந்தப் பொறுமையான, பவுடர் மணக்கிற கை, தன் வாய்க்குள் இருக்கிற கை, சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்த ஆளுக்குத் தோசை வார்க்கும். இத்தனை நாள், தன்னைத் திட்டி எழுதுகிறவர்கள் எல்லோரும் எங்கோ இருட்டறையில், சட்டை போடாமல், வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று நினைத்திருந்தாள். நினைக்க வசதியாக இருந்தது. இல்லை. ஆடிட்டர். இஸ்திரி போட்ட சட்டை. மற்றவர்களுடைய வரவு செலவில் பொய் இருக்கிறதா என்று பார்க்கிறவர். வீட்டில் ஒரு டாக்டர். அவர்கள் நல்ல மனுஷர்கள், அவர்கள் எல்லோருமே யாருக்கோ நல்ல மனுஷர்கள், யாரோ அவர்களுக்குத் தோசை ஊற்றுகிறார்கள். கடித்துவிடலாம் என்று தோன்றியது. நிஜமாகவே, தாடையை ஒரே அழுத்து. கவ்வி தடுத்தது. கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. அழுகை இல்லை. அழுகை எப்படி இருக்குமென்று அவளுக்குத் தெரியும். இது வேறு. "வலிக்குதாம்மா?" அவள் கையைத் தூக்கவில்லை. "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம்" என்று டாக்டர் வாயோரத்தில் ஒரு தகட்டைச் செருகிவிட்டு, படம் எடுத்து, கணினிக்குப் போனார். வாய் இன்னும் ரப்பரால் மூடியேதான் கிடந்தது. ஆனால் கை சும்மாதானே இருக்கிறது. மடியில் இருந்த போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நிரஞ்சனுக்கு, பவித்ராவுக்கும் கம்பெனி முதலாளிக்கும் சேர்த்து: இந்த அறிக்கைக்கு என் சம்மதம் கிடையாது. நான் வருந்தவில்லை. என் அடையாள அட்டைப் படத்தையும் நான் லீவு எடுத்த காரணத்தையும் வெளியே கொடுத்தது யார் என்று எழுத்தில் சொல்லுங்கள். நாளைக்கு சைபர் கிரைமில் புகார் கொடுக்கப்போகிறேன், அதில் உங்கள் பெயர்கள் இருக்கும். எழுத்துகள் பிசகின. திருத்தவில்லை. பிரணவுக்கு ஒரே வரி, வெட்ட முடியாதபடி. என் தரப்பு உனக்குக் கிடையாது. மூன்று வரிப் படத்தைச் சேர்க்கவில்லை. கட்டைவிரல் அதன் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு விலகியது. அனுப்பியதும் லேசாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். லேசாக இல்லை. கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் இப்போது அதற்குக் கால் முளைத்திருந்தது.

தற்காலிகமாக எதையோ வைத்து அடைத்து, ரப்பரை எடுத்து, "அடுத்த வாரம் ஒரு சிட்டிங், அதுக்கப்புறம் பல்லுக்கு கேப் போட்டுடலாம். வாயைக் கொப்புளிங்க" என்றார் டாக்டர் ஹேமலதா. ரெஜினா நிமிர்ந்து உட்கார்ந்து கொப்புளித்தாள். பாதி உதடு இல்லாததால் தண்ணீர் தாடை வழியே கழுத்துக்கு இறங்கியது. துடைத்துக்கொண்டு, "அஹு நாந்தான்" என்றாள். டாக்டருக்குப் புரியவில்லை. "மரப்பு விட ரெண்டு மணி நேரம் ஆகும், மெதுவா பேசுங்க." ரெஜினா உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "அது நான்தான். உங்க வீட்டுக்காரர் எழுதினது என்னைப் பத்தி. நான் பேங்க்ல இல்ல." கவுரி கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் சிரிக்கப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். முகக்கவசத்தை இறக்கினார். உள்ளே இருந்தது ஒரு சாதாரண, களைத்த முகம். "அய்யய்யோ" என்றார். "தெரியாம சொல்லிட்டேன்மா. தப்பா எடுத்துக்காதீங்க. அவரு அப்படிப்பட்ட ஆள் இல்ல. ஏதோ விளையாட்டுக்கு, எல்லாரும் எழுதறாங்களேன்னு." டாக்டர் கையுறைகளைக் கழற்றினார், திரும்பவும் எதற்கோ ஒன்றை மாட்டப் போனார், வைத்தார். பிறகு, ரொம்ப நல்ல மனசோடு, ஆறுதலாகக் கேட்கிற குரலில் கேட்டார்: "நிஜமாவே நீங்கதான் அதைக் குறைச்சீங்களா?"

மூன்று வரியும் வந்து நாக்கு நுனியில் நின்றன. இல்லை டாக்டர், நான் இல்லை, பாருங்கள், என்று போனை நீட்டினால் இந்தப் பெண்மணி மனசார நம்புவார், அணைத்துக்கொள்ளக்கூடச் செய்வார், வீட்டுக்குப் போய்ச் சொல்வார், அந்தப் பொண்ணு பாவங்க, அவ செய்யலையாம். "குறைச்சிருந்தா?" என்றாள் ரெஜினா.

டாக்டர் கழற்றிய கையுறைகளைக் குப்பைத்தொட்டியில் போட்டார். கீழே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. "நான் அவர்கிட்ட சொல்லி இன்னைக்கே எடுத்துடச் சொல்றேன்" என்றார். "எடுக்க வேணாம். என்ன எழுதினார்னு நீங்க இன்னும் பாக்கலைன்னு சொன்னீங்க இல்ல. இப்பப் பாருங்க. எனக்குப் படிச்சுக் காட்டுங்க." "எதுக்கும்மா அதெல்லாம்." "எல்லாரும் எழுதறாங்க டாக்டர். யாரும் என் எதிர்ல நின்னு வாயால சொன்னதில்ல." குரல் உயரவில்லை. மரத்த உதட்டில் வார்த்தைகள் குழைந்து வந்தன, ஆனால் டாக்டருக்கு எல்லாம் விளங்கியது. அவர் போய்த் தன் போனை எடுத்து வந்தார், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார், கணவர் அனுப்பியிருந்ததைத் தேடினார். கிடைத்தது. மனசுக்குள் படித்தார். படித்துக்கொண்டே, பின்னால் இருந்த சுழலும் முக்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தார். "வேணாம்மா" என்றார். "படிங்க."

"'என் பொண்டாட்டி பல் டாக்டர்தான்'" என்று ஆரம்பித்தார் ஹேமலதா. எக்ஸ்ரேயைப் பார்த்து விளக்குகிற அதே குரலில்தான் ஆரம்பித்தார். "'இந்தச் சிரிப்பை அவகிட்ட அனுப்பி வைங்கப்பா. மரத்துப்போற ஊசி எதுவும் போடாம ஒவ்வொண்ணா…'" அங்கே குரல் நின்றுவிட்டது. கவுரி தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் ரெஜினா.

"இருக்கு."

"முடியற வரைக்கும் படிங்க. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, முதலிலிருந்து, சத்தமாகப் படித்தார்.